'போட்டிருக்கான்', 'வந்துச்சு': செய்திவாசிப்பும் வினைமுதலும்

'பேப்பர்ல போட்டிருக்கான்' என்ற பேச்சு, 'வாட்ஸப்ல வந்துச்சு' என்று மாறியிருக்கிறது. ஐயங்கார்குளம், உத்திரமேரூர் வட்டாரத்து டீக்கடைகளில் இன்று இரண்டையும் கேட்கலாம். முன்னதில் வினைமுதல் உண்டு. யாரோ ஒருவன் போட்டிருக்கிறான். பின்னதில் செய்தி மழை மாதிரி தானாக வருகிறது. அச்சிலிருந்து திரைக்குப் பெயர்ந்த செய்திவாசிப்பின் வரலாற்றை இந்த இலக்கண மாற்றத்தைக் கொண்டே வாசிக்கலாம்.

போட்டவனுக்கு முகவரி இருந்தது. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், புத்தகங்கள் பதிவுச் சட்டம், அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்களும் இடமும் தாளில் இருந்தாக வேண்டும் என்றது. காலனிய அரசின் நோக்கம் கண்காணிப்புதான். என்றாலும் அந்த முகவரி வாசகருக்கும் உதவிற்று. மறுப்பு எழுதலாம், வழக்குப் போடலாம், அலுவலக வாசலில் ஆர்ப்பாட்டம் செய்யலாம்.

1942இல் மதுரையில் சி.பா.ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக்கூட்டிப் படிப்பவரையும் நாளிதழ் வாசகராக்கியது. டீக்கடையில் ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர். 'பொய்யாப் போட்டிருக்கான்ப்பா' என்ற மறுப்பும் அங்கேயே எழுந்தது. இதை ஜனநாயகப் பொதுவெளி என்று கொண்டாடிவிட முடியாது. இரட்டைக் குவளை வைத்திருந்ததும் இத்தகைய கடைகள்தாம். பெண்களுக்கு அந்தப் பெஞ்சில் இடமில்லை. சேரியிலும் அடுப்படியிலும் இருப்பவர் எவர் தயவுமின்றிச் செய்தி வாசிக்கக் கைப்பேசி வழிசெய்திருக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, இது பெரிய விஷயம்.

ஆனால் 2018 மே மாதம், பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே நடந்தது என்ன? பிள்ளைபிடிப்பவர்கள் திரிவதாக வாட்ஸப்பில் வதந்தி 'வந்துச்சு'. சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு வந்து, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த குடும்பத்தைக் கூட்டம் தாக்கியது. ஒரு மூதாட்டி கொல்லப்பட்டார். வதந்தியைப் போட்டவன் யார் என்பதை அந்தச் சொல் காட்டவில்லை. 'வந்துச்சு' என்ற சொல் நிறுவனங்களையும் மறைக்கிறது. யூட்யூபிலும் ஃபேஸ்புக்கிலும் எது நம் கண்முன் வரவேண்டும் என்று கணக்குப்போடுவது அவைதாம்.

அரசும் வினைமுதலைத் தேடுகிறது. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரை அடையாளம் காண வழிவைக்கும்படி பெரிய செயலிகளைக் கேட்டன. 1867 மறுபடி வந்த மாதிரிதான். இந்த வலையில் முதலில் சிக்குவது யார் என்பதை இயக்கத்தில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆகவே இந்தத் தேடலை அரசிடம் விட்டுவிட முடியாது. பழைய பெஞ்சும் நமக்கு வேண்டாம். அதில் எழுந்த மறுப்பு வேண்டும். சங்கக் கூட்டத்தில், மகளிர் குழுவில், நூலக வாசலில், வந்த செய்தியை உரக்கப் படித்து, 'யாரு போட்டான்? எதுக்குப் போட்டான்?' என்று சேர்ந்து கேட்கவேண்டும்.