டாமை விற்ற கடன், கருப்பனைக் கட்டிய கடன்

கென்டக்கி மாநிலத்தில் ஒரு பண்ணை வீடு. சாப்பாட்டு அறையில் இருவர் உட்கார்ந்து பேரம் பேசுகிறார்கள். ஒருவர் பண்ணைக்காரர் ஷெல்பி. மற்றவன் அடிமை வியாபாரி ஹேலி. ஷெல்பி எழுதிக் கொடுத்த கடன் பத்திரங்கள் எப்படியோ ஹேலியின் கைக்குப் போய்விட்டன. அவற்றை மீட்க, பண்ணையிலேயே மிகவும் நம்பிக்கையான ஆளான டாமைக் கொடுக்கச் சம்மதிக்கிறார் ஷெல்பி. அது போதாது என்கிறான் ஹேலி. எலைசாவின் ஒரே மகன், ஐந்து வயதுகூட நிரம்பாத ஹாரியும் கணக்கில் சேர்க்கப்படுகிறான். ஹாரியட் பீச்சர் ஸ்டோ எழுதிய ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ இப்படித்தான் தொடங்குகிறது.

இன்னொரு பேரம் நம் ஊரில் நடக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் மயிலோடை என்ற கிராமம். மழை இல்லை, வேலை இல்லை. கருப்பன், வள்ளி என்ற தலித் தம்பதி பசியோடு இருக்கும் நேரம் பார்த்து மேஸ்திரி சங்கரபாண்டியன் வருகிறார். ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்தில் கை நிறையக் கூலி, ஒரு வருஷத்தில் பணத்தோடு திரும்பிவிடலாம், இப்போதைக்கு இந்த அட்வான்ஸைப் பிடியுங்கள் என்கிறார். இது பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளிவந்த ‘ரெட் டீ’. தமிழில் இரா. முருகவேள் மொழிபெயர்த்து 2007-இல் ‘எரியும் பனிக்காடு’ ஆனது. 2013-இல் வந்த பாலாவின் ‘பரதேசி’ படத்துக்கும் இதுவே மூலம்.

அமெரிக்க நாவலைச் சிறுவயதில் சுருக்கப் பதிப்பில்தான் படித்திருந்தேன். அழுகை மட்டும் நினைவில் நின்றது. எரியும் பனிக்காட்டைப் படித்து முடித்த கையோடு ஸ்டோவின் முழு நாவலை எடுத்தபோதுதான் அந்த முதல் அத்தியாயத்துக் கடன் கண்ணில் தைத்தது. இரண்டு கதைகளையும் தொடக்கி வைப்பது கடன்தான். ஆனால் டாம் விற்கப்படுவது அவனுடைய எஜமானின் கடனுக்காக. கருப்பன் கட்டப்படுவது அவன் பெயரிலேயே எழுதப்பட்ட கடனுக்காக. இந்த இரு நாவல்களின் அற விசாரணையும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் கிளை பிரிகிறது என்பது என் துணிபு.

இதில் எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. என் தாத்தாவும் அவருடைய அண்ணனும் திருநெல்வேலிப் பக்கம் ஒரே குடிசையில் பிறந்தவர்கள். அண்ணன் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மலை ஏறினார். தாத்தா ரயில் ஏறி பம்பாய் வந்து, தாராவியில் தோல் பதனிடும் பட்டறையில் சேர்ந்தார். அப்பா தொழிற்கல்வி முடித்து டிராம்பேயில் அணு ஆராய்ச்சி மையத்தில் வேலைக்குப் போனதால் நான் அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். பெரிய தாத்தா மட்டும் ஊர் திரும்பவே இல்லை. ஏன் என்று கேட்டபோதெல்லாம் எங்கள் ஆச்சி சொன்னது இரண்டே சொல்தான்: “கணக்குத் தீரல.” அடைத்தும் அடையாத எந்தக் கடனுக்கும் எங்கள் வீட்டில் இன்றைக்கும் ‘மலைக்கணக்கு’ என்றுதான் பெயர்.

அந்தக் கணக்கு எப்படி நடந்தது என்பதை டேனியல் பக்கத்தில் இருந்து பார்த்தவரைப் போல எழுதுகிறார். அவர் ஆனைமலைத் தோட்டங்களில் 1940-களிலிருந்து நெடுங்காலம் மருத்துவராக இருந்தவர். முந்தைய தலைமுறைத் தொழிலாளர்கள் சொல்லக் கேட்டவற்றைக் கதையாக்கினார். வருஷக் கடைசியில் கணக்குத் தீர்க்கும் நாள் வரும். கூலி ஒரு பக்கம். ஊரில் வாங்கிய அட்வான்ஸ், வழிச் செலவு, குளிருக்குக் கொடுத்த கம்பளி, கடையில் வாங்கிய அரிசி எல்லாம் மறுபக்கம். காய்ச்சலில் படுத்த நாளுக்குக் கூலி கிடையாது. கூட்டிக் கழித்தால் தொழிலாளிதான் இன்னும் தர வேண்டியவனாக நிற்பான். எழுதப் படிக்கத் தெரியாதவன் அந்த நோட்டில் இருப்பதை எதை வைத்து மறுக்க முடியும்? இன்னொரு வருஷம் இருந்துவிட்டுப் போ என்பார்கள். அந்த இன்னொரு வருஷத்தில் மலேரியா முந்திக்கொள்ளும்.

டாமின் உலகத்தில் விற்பனைப் பத்திரம் இருக்கிறது. இன்னார் இன்னாருக்குச் சொந்தம் என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. அதனாலேயே அதை எதிர்ப்பவருக்கு எதை எதிர்க்கிறோம் என்று தெரிகிறது. மனிதனை மனிதன் உடைமையாக வைத்திருக்கலாமா என்று கேட்டால் போதும். ஸ்டோ அதைத்தான் கேட்டார். கருப்பனிடம் அப்படி ஒரு பத்திரம் இல்லை. அவன் தானே சம்மதித்து வந்தவன், முன்பணம் வாங்கியவன், வாக்குக் கொடுத்தவன். அவனை அடித்து நிறுத்துகிறவர்களும் ‘வாங்கின காசுக்கு வேலை செய்’ என்றுதான் சொல்கிறார்கள். கடன் பட்டார் நெஞ்சம் கலங்கும் ஊரில் பிறந்தவனுக்கு அந்தச் சொல்லே விலங்கு. பசியில் சொன்ன சம்மதம் சம்மதமாகுமா என்பதுதான் டேனியல் நம் முன் வைக்கும் கேள்வி. ஸ்டோவின் கேள்வியைவிட இது கடினமானது என்று நினைக்கிறேன். முதல் கேள்விக்கு உலகம் பதில் சொல்லிவிட்டது. இரண்டாவதற்கு இன்னும் சொல்லவில்லை.

எலைசா தப்பி ஓடும் காட்சியை ஒருமுறை படித்தவர் மறக்க மாட்டார். மகனைத் தூக்கிக்கொண்டு ஒஹாயோ ஆற்றில் மிதக்கும் பனிக்கட்டிகளின் மேல் தாவித் தாவிப் போகிறாள். காலணி எங்கோ போய்விட்டது. காலுறை கிழிந்து, வைக்கும் ஒவ்வொரு அடியிலும் ரத்தம் பதிகிறது. எரியும் பனிக்காட்டிலும் காலில் ரத்தம் உண்டு. அது அட்டைகள் குடிக்கும் ரத்தம். மழையில் ஊறிய செடிகளுக்கு நடுவே நாள் முழுவதும் நிற்கிற கால்களில் அட்டை ஏறுகிறது. பிடுங்கிப் போட்டாலும் ரத்தம் நிற்காமல் வழிகிறது. எலைசாவின் காலுக்கு எதிர்க்கரை என்று ஒன்று இருந்தது. தேயிலைக் காட்டில் நின்ற கால்களுக்கு அடுத்த வரிசைச் செடிதான் இருந்தது.

ஆனால் எதிர்க்கரையும் அவ்வளவு பத்திரமானதாக இல்லை. 1850-இல் அமெரிக்கா இயற்றிய தப்பியோடும் அடிமைகள் சட்டம், அடிமை முறை இல்லாத மாநிலத்துக்குள் புகுந்தும் ஆளைப் பிடித்துக் கொண்டுவர வழி செய்தது. அடைக்கலம் கொடுத்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. பிடிபட்டவர் எஜமானுக்கே சொந்தம் என்று தீர்ப்புச் சொன்னால் விசாரணை அதிகாரிக்கு 10 டாலர் கட்டணம், இல்லை என்று விடுவித்தால் 5 டாலர். இந்தச் சட்டம் மூட்டிய கோபம்தான் ஸ்டோவைப் பேனா எடுக்க வைத்தது. நாவலில் செனட்டர் பேர்ட் என்று ஒருவர் வருகிறார். பகலில் இப்படி ஒரு சட்டத்துக்கு ஆதரவாகப் பேசியவர். இரவில் நனைந்து நடுங்கி எலைசா அவர் வீட்டு அடுக்களையில் வந்து விழுகிறாள். அவரே வண்டி பூட்டிச் சேற்றுப் பாதையில் அவளைக் கொண்டுபோய் விடுகிறார். மனிதனின் முகத்தை நேரில் பார்த்ததும் சட்டத்தின் எழுத்து அழிந்துவிடும் என்ற ஸ்டோவின் நம்பிக்கை இந்த அத்தியாயத்தில் முழுதாக இருக்கிறது.

நம் நாட்டிலும் இதே வேலையைச் செய்த சட்டம் இருந்தது. 1859-இன் ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் அது குற்றம். மாஜிஸ்திரேட் அவனை வேலைக்குத் திரும்பச் சொல்லலாம், மறுத்தால் மூன்று மாதம் வரை உள்ளே வைக்கலாம். அடிமை முறையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று 1843-இல் சட்டம் போட்ட அதே அரசாங்கம், பதினாறு வருஷத்தில் இதையும் போட்டது. சென்னை மாகாணம் 1903-இல் தோட்ட முதலாளிகளுக்கென்று தனிச் சட்டமே இயற்றியது. 1859-இன் சட்டத்தை நீக்கும் முடிவு 1925-இல்தான் வந்தது. கருப்பனும் வள்ளியும் மலை ஏறுவது ஏறத்தாழ அந்த ஆண்டுகளில். ஆனால் டேனியலின் நாவலில் செனட்டர் பேர்ட் போன்ற ஒருவரைத் தேட வேண்டாம். ஒரு கனவான் கண் கலங்கினால் எல்லாம் மாறிவிடும் என்று அவர் நம்பவில்லை. அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

நல்ல எஜமான் என்ற கேள்விக்கு ஸ்டோவிடமே கூர்மையான பதில் இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸ் போகும் படகில் டாமை வாங்குகிற செயின்ட் கிளேர் இளகிய மனம் கொண்டவர். அடிமை முறை தவறு என்று அழகாக வாதாடுவார். டாமுக்கு விடுதலை தருவதாக வாக்கும் கொடுக்கிறார். கையெழுத்துப் போடுமுன் ஒரு கைகலப்பை விலக்கப் போய்க் கத்திக்குத்துப் பட்டுச் செத்துப்போகிறார். அவருடைய மனைவி டாமைச் சந்தையில் நிறுத்துகிறாள். அங்கே வாங்குகிறவன் சைமன் லெக்ரி. காகிதத்தில் ஏறாத கருணையால் டாமுக்கு எந்தப் பயனும் இல்லாமல் போகிறது. ஷெல்பியின் மகன் பணத்தோடு மீட்க வந்து சேரும்போது டாம் சாகக் கிடக்கிறான்.

‘அங்கிள் டாம்’ என்பது இன்று அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே வசைச் சொல். வெள்ளையருக்கு வளைந்து கொடுப்பவன் என்று பொருள். நாவலை மேடையில் கேலிக்கூத்தாக்கிய நாடகங்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. டாம் செய்தது என்ன? சக அடிமைப் பெண்ணைச் சவுக்கால் அடி என்று லெக்ரி உத்தரவிட்டபோது முடியாது என்றான். காசி, எம்மலின் என்ற இரண்டு பெண்கள் ஒளிந்திருக்கும் இடம் தெரிந்தும் சொல்லாமல் அடி வாங்கிச் செத்தான். இது வளைந்து கொடுப்பது அல்ல. ஆனாலும் ஜேம்ஸ் பால்ட்வின் 1949-இல் இந்த நாவலின் மேல் வைத்த விமர்சனத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை. கண்ணீர் அதிகமாகும்போது மனிதன் குறைந்துவிடுகிறான் என்பது அதன் சாரம். வெளிர் நிறமுடைய எலைசாவும் அவள் கணவன் ஜார்ஜும் துணிந்து தப்புகிறார்கள், கரிய டாம் பொறுத்துச் சாகிறான். தப்பிய ஜார்ஜையும் ஸ்டோ கடைசியில் லைபீரியாவுக்கு அனுப்பிவிடுகிறார். விடுதலை பெற்றவனுக்கு அமெரிக்காவிலேயே இடம் உண்டு என்று எழுத அவருக்குக் கை வரவில்லை.

டேனியலிடமும் இப்படி ஒரு பலவீனம் உண்டு. நாவலின் பிற்பகுதியில் டாக்டர் ஆபிரகாம் வருகிறார். அதுவரை மருத்துவம் என்ற பெயரில் நடந்த கூத்தைப் பார்த்துப் பதறுகிறார், போராடுகிறார். அவர் நல்லவர், அவசியமானவரும்கூட. ஆனால் அவர் வந்ததும் கதையின் கண் கருப்பனை விட்டு அவரிடம் நகர்ந்துவிடுகிறது. எழுதியவரும் மருத்துவர் என்பதால் இது இயல்புதான். என்றாலும் தொழிலாளர்களின் லயன் வீட்டுக்குள்ளிருந்து நோயைப் பார்க்கும் பக்கங்களின் கனம் ஆஸ்பத்திரிப் பக்கங்களில் இல்லை.

ஸ்டோ கேட்கத் தேவையில்லாத ஒரு கேள்வி நமக்கு இருக்கிறது. ஹேலி அந்நியன். சங்கரபாண்டியன் நம் மொழி பேசி, நம் கோயிலில் கும்பிட்டு, திண்ணையில் உட்கார்ந்து குடும்ப நலம் விசாரிக்கிறவர். தன் ஆட்கள் வேலை செய்யும் நாளுக்கெல்லாம் அவருக்குக் கமிஷன் உண்டு. புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் இலங்கைத் தோட்டத்தை எழுதியபோதும் துயரம் கப்பலில் தொடங்கவில்லை, ஊர்ப் பண்ணையில்தான் தொடங்கியது. சாதி ஒருவனை நிலமில்லாதவனாக, கல்வி இல்லாதவனாக ஏற்கெனவே ஆக்கி வைத்திருந்ததால்தான் மேஸ்திரிக்கு வேலை சுலபமாயிற்று. வெள்ளைத் துரையின் கொடுமையை வாசித்துக் கொதிக்கிற நாம், அந்தத் துரையின் வாசல் வரை ஆளைக் கொண்டுபோய் விட்டது யார் என்பதை வேகமாகக் கடந்துவிடுகிறோம். ‘பரதேசி’ பார்த்துவிட்டு வந்த என் உறவினர்கள் பலரும் வெள்ளைக்காரனைத்தான் திட்டினார்கள்.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. அதே 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், எங்கள் டிராம்பே பக்கத்து ஜனதா காலனி காலி செய்யப்பட்டு அங்கிருந்தவர்கள் சீட்டா கேம்ப்புக்குக் கொண்டுபோய் விடப்பட்டார்கள். அவர்களில் தமிழர் நிறையப் பேர்.  எங்கள் வீட்டு வேலைக்கு சீட்டா கேம்ப்பிலிருந்து வரும் அக்காவிடம் ஒரு நாள் கருப்பன் கதையைச் சொன்னேன். பாதியிலேயே நிறுத்தினார். “எங்க அண்ணனுக்கும் செங்கச் சூளையில அப்படித்தான தம்பி. அட்வான்ஸு வாங்குனது அவன், அடைச்சது அவன் புள்ளைங்க” என்றார். பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். மேற்கொண்டு நானும் கேட்கவில்லை.

யாரைப் பற்றி இந்த நாவல்கள் எழுதப்பட்டனவோ அவர்களால் இவற்றைப் படிக்க முடியவில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்கள் பலவற்றில் அப்போது அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பதே குற்றம். சாமுவேல் கிரீன் என்ற கறுப்பினப் போதகர் மேரிலாந்தில் சுதந்திரமான மனிதராகவே வாழ்ந்தவர். ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ ஒரு பிரதி வீட்டில் இருந்ததற்காக 1857-இல் அவருக்குப் பத்து வருஷச் சிறைத் தண்டனை விதித்தார்கள். முதல் வருஷத்தில் அமெரிக்காவில் மட்டும் 3 லட்சம் பிரதிகள் விற்ற புத்தகம் அது. ‘ரெட் டீ’க்கு அப்படித் தடை எதுவும் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் இருந்தது. ஆனைமலைத் தொழிலாளியின் பேரன் அதைத் தமிழில் கையில் எடுக்க 38 வருஷம் ஆயிற்று.

ஸ்டோவுக்கு ஏழு வருஷம் முன்பே, 1845-இல், ஃபிரடெரிக் டக்ளஸ் அடிமையாக வாழ்ந்த தன் வாழ்க்கையைத் தானே எழுதிவிட்டார். ஸ்டோவின் நாவலில் எங்கே கண்ணீர் மிகுந்தது, எங்கே உண்மை குறைந்தது என்று உரசிப் பார்க்க அந்த நூல் இருக்கிறது. இலங்கை மலையகத்துக்கு, தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த சி. வி. வேலுப்பிள்ளை கிடைத்தார். ஆனைமலைக்குப் போனவர்களின் சொந்தக் குரலில் நம்மிடம் இருப்பது மிகக் குறைவு. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் எங்கள் நகரிலும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. அண்ணன் மலைக்கும் தம்பி பம்பாய்க்கும் போன வீடு எங்களுடையது மட்டுமாக இருக்காது. உங்கள் வீட்டு ஆச்சியிடம் கேளுங்கள்: யார் போனார், எந்த மேஸ்திரி, எவ்வளவு அட்வான்ஸ், கணக்குத் தீர்ந்ததா? அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதி வையுங்கள். என் ஆச்சியிடம் நான் கேட்டு எழுதவில்லை. இப்போது அவர் இல்லை.