நார்த்தாமலை: குன்றுகளும் நடைவழியும்

நார்த்தாமலை, புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் வட்டத்தில், திருச்சிராப்பள்ளி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையிலிருந்து சற்று விலகி அமைந்த ஊர். புதுக்கோட்டையிலிருந்து 20 கி.மீ.க்குள் வந்துவிடலாம். ஊரைச் சூழ்ந்து மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, உவச்சன்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை, மண்மலை, பொன்மலை உள்ளிட்ட ஒன்பது குன்றுகள் உள்ளன. எல்லாம் உயரம் குறைந்தவை. மண் போர்வை இல்லாத வழவழப்பான கருங்கல் சரிவுகள். அனுமன் தூக்கிச் சென்ற சஞ்சீவி மலையிலிருந்து சிதறிய துண்டுகளே இவை என்பது ஊரார் நம்பிக்கை. நகரத்தார்மலை என்பதே நார்த்தாமலை என மருவியது என்பர். நாரதரோடு இணைக்கும் கதையும் வழங்குகிறது. வணிகர் நகரமாக இவ்வூர் பெற்றிருந்த செல்வாக்கைப் பார்த்தால் முதல் விளக்கமே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இங்குள்ள சின்னங்களை வண்டியில் போய்ப் பார்த்துவிட முடியாது. கோயில், குடைவரை, சுனை, கல்வெட்டு எல்லாம் ஒரே பாறை உடம்பின் வெவ்வேறு இடங்களில் இருப்பவை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாறைமேல் கால் வைத்து நடக்கும்போதுதான், ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தார்கள் என்பது விளங்கும். மழை நீர் ஒரு சொட்டும் உள்ளே இறங்காமல் சரிவில் வழிந்து பள்ளங்களில் சுனையாகத் தேங்குகிறது. மிச்சம் அடிவாரக் குளங்களுக்கு இறங்குகிறது. தெய்வத்தையும் துறவியையும் வணிகனையும் இங்கே நிறுத்தியதில் அந்த நீருக்குப் பெரும் பங்கு இருந்திருக்க வேண்டும்.

மேலமலை

நடையின் தலையாய பகுதி இது. சமணர்மலை என்ற பெயரும் இதற்கு உண்டு. ஏறும் வழியில் தலையருவிசிங்கம் என்ற சுனை இருக்கிறது. அதன் நீருக்கடியில், பாறையைக் குடைந்த சிறு கருவறையில் ஒரு லிங்கம் உள்ளது. 1857-இல் சுனை நீரை இறைத்து, புதுக்கோட்டை மன்னர் இராமச்சந்திர தொண்டைமானின் அரசி அந்த லிங்கத்தை வழிபட்ட செய்தியை அருகிலுள்ள கல்வெட்டு சொல்கிறது. சாதாரண நாளில் போகிறவர் கண்ணுக்குத் தண்ணீர் மட்டுமே தெரியும்.

மேலே போனால் விசயாலய சோழீச்சரம். மேற்கு நோக்கிய இந்தச் சிவன் கோயிலைத் தஞ்சையில் சோழராட்சியை மீட்டெடுத்த விசயாலயன் (9ஆம் நூற்றாண்டு) கட்டியதாகப் பலரும் எழுதிவிடுகிறார்கள். பெயர் அவனுடையதுதான், கல்வெட்டு சொல்வது வேறு. சாத்தன் பூதி என்னும் இளங்கோவதி அரையர் எடுப்பித்த கற்றளி மழையால் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்னும் தென்னவன் தமிழதி அரையன் அதைப் புதுப்பித்தான் என்பது வாயிற்காவலர் சிற்பத்தின் அடியிலுள்ள செய்தி. ஆகவே இதை முத்தரையர் என்னும் சிற்றரசர் மரபினரின் பணியாகவே ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். பேரரசன் பெயருக்குப் பின்னால் இந்த இரண்டு சிற்றரசர் பெயரும் மறைந்துவிடக் கூடாது.

கட்டுமானம் அரியது. கருவறை உள்ளே வட்டம். அதைச் சூழ்ந்த வெளிச்சுவர் சதுரம். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் சுற்றி வரும் குறுகிய திருச்சுற்று. விமானத்தின் கீழ்த்தளங்கள் சதுரமாக எழுந்து, உச்சியில் கழுத்தும் சிகரமும் வட்டமாகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தியது இது. விமானம் வளர்ந்த கதையைத் தேடுபவர் இங்கிருந்து தொடங்குவது நல்லது. மண்டபச் சுவரில் பிற்கால ஓவியங்களின் மங்கிய எச்சங்கள் தெரிகின்றன. தலைமைக் கோயிலைச் சுற்றி எட்டுத் துணைச் சிற்றாலயங்கள் இருந்தன. எல்லாம் இன்று முழுமையாக இல்லை.

கோயிலின் முகத்துக்கு எதிரே, பாறைச் சரிவில் இரண்டு குடைவரைகள் கிழக்கு நோக்கி இருக்கின்றன. சிறியது பழியிலி ஈச்சரம். விடேல்விடுகு முத்தரையரின் மகன் சாத்தன் பழியிலி, பல்லவன் நிருபதுங்கவர்மனின் 7ஆம் ஆட்சியாண்டில் இதைக் குடைவித்தான். அவன் மகள் பழியிலி சிறியநங்கை முகமண்டபமும் நந்தியும் நந்திக்கு மண்டபமும் பலிபீடமும் அமைத்தாள். 9ஆம் நூற்றாண்டுப் பெண்ணொருத்தியின் பெயர் தந்தையின் பெயருக்குப் பக்கத்தில் கல்லில் நிற்பதைப் பார்க்கவாவது இங்கே ஏற வேண்டும்.

பெரியது சமணர் குடகு. சமணர் உறைவிடமாக இருந்து பின்னர் திருமால் கோயிலானது. 13ஆம் நூற்றாண்டில் பதினெண்பூமி விண்ணகரம் என்று அழைக்கப்பட்டது. பதினெண்பூமி என்பது பெருவணிகக் குழுவினர் பெயர். உள்ளே சுவரில் 12 திருமால் உருவங்கள், ஒன்றுபோல் ஒன்றாக, ஆளுயரத்தில் நிமிர்ந்து நிற்கின்றன. கண் இருளுக்குப் பழகும்வரை சில நிமிடங்கள் பொறுத்தால்தான் அவற்றின் அமைதி பிடிபடும். முன்னாலுள்ள மேடையின் அடிவரிசையில் யானை, யாளி, சிங்கம், மகரம் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. மேடைமேல் இருந்த மண்டபம் போய்விட்டது, இந்த விலங்கு வரிசை எஞ்சியிருக்கிறது.

கடம்பர்மலை

அடிவாரத்தில் உள்ள சிவன் கோயில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகளைக் கொண்டது. பக்கத்தில் நகரீசுவரமும் அம்மன் சன்னதியும் மங்களதீர்த்தம் என்ற குளமும் உள்ளன. கோயிலை ஒட்டிய பாறைச் சரிவையே ஏடாக்கி, பெரிய எழுத்துப் பரப்பு வெட்டியிருக்கிறார்கள். சோழர் காலத்தில் ஊருக்குத் தெலுங்ககுலகாலபுரம் என்ற பெயர் இருந்ததும், நகரத்தார் ஊர் நிர்வாகத்தைக் கவனித்ததும் இவ்வூர்க் கல்வெட்டுகளால் தெரிகின்றன. புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குள் கிடைத்த கல்வெட்டு மூலங்களைத் திரட்டி 1929-இல் வெளியிட்டது. சிறிய சமஸ்தானம் ஒன்று செய்த பெரிய காரியம் அது. இன்றும் நார்த்தாமலையைப் படிப்பவர் அந்தத் தொகுப்பையே முதலில் புரட்டுகிறார்.

ஆளுருட்டிமலை

குற்றவாளிகளை உச்சியிலிருந்து உருட்டிவிட்ட மலை என்று சொல்வார்கள். பாறைக் குடைவும் இரண்டு தீர்த்தங்கரர் சிற்பங்களும் இதைச் சமணத் தலமாகக் காட்டுகின்றன. சுந்தரபாண்டியன் காலத்துக் கல்வெட்டு, கனகசந்திர பண்டிதரின் மாணாக்கர் தன்மதேவ ஆசாரியரைக் குறிப்பிடுகிறது. பொம்மமலையிலும் சமணப் பள்ளி இருந்தது. இந்த வட்டாரத்தின் கல் கட்டடத்துக்கும் சாலைக்கும் உகந்தது என்பதால் கல்லுடைப்பு நெடுங்காலமாக நடக்கிறது. உடைத்த பாறையில் எழுத்து இருந்ததா என்று பிறகு தேட வழியே கிடையாது.

பங்குனித் திருவிழா

ஊருக்குள் இருக்கும் முத்துமாரியம்மன் கோயில் சுற்றுப்புற மாவட்டங்களிலும் பேர்பெற்றது. பூச்சொரிதலோடு தொடங்கும் விழாவில் பால்குடம், காவடி, அக்கினிக் காவடி எடுத்து மக்கள் திரள்கிறார்கள், தேரோட்டமும் உண்டு. அந்த நாள்களில் மலை ஏறி நிதானமாகப் பார்க்க நினைப்பவர் கூட்டத்தையும் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நடப்பவர்க்கு

வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்திய மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை. அப்போது சுனைகள் நிறைந்திருக்கும், பாறையும் சுடாது. கோடையில் காலை ஒன்பது மணிக்குமேல் வெறுங்காலோடு கோயில் முற்றத்தில் நிற்பது கடினம். மழை பெய்துகொண்டிருக்கும்போது சரிவு வழுக்கும். ஏறாமல் இருப்பதே சரி. மேலே கடை ஏதும் இல்லாததால் தண்ணீர் கையோடு வேண்டும். ஓவிய எச்சங்களைத் தொடுவதும் பாறையில் பெயர் கீறுவதும் சட்டப்படி குற்றம். சின்னங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன.

ஒரு நாளை முழுதாக ஒதுக்க முடிந்தவர்கள் காலையில் மேலமலை, இறங்கியபின் கடம்பர்மலை என்று முடித்துக்கொண்டு சித்தன்னவாசலுக்குப் போகலாம். அங்கே சமணப் படுக்கைகளும் தாமரைக்குள ஓவியமும் உள்ளன. குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டும் கொடும்பாளூர் மூவர் கோயிலும் இதே மாவட்டத்தில்தான். ஆனால் மூன்றையும் ஒரே நாளில் அடக்கப் பார்த்தால் எதுவும் மனத்தில் தங்காது. கொடும்பாளூரை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.