ஒருவர் வாசிக்க வீடே கேட்ட கதை

நத்தார் காலத்தில் குடும்பமாகக் கூடியிருந்து ஒரு கதையை வாசிக்கும் வழக்கத்தின் வரலாற்றைத் தேடிச் சென்றால், நாம் 1843ஆம் ஆண்டின் இலண்டனைச் சென்றடைவோம். அவ்வாண்டு டிசெம்பர் 19ஆம் திகதி சாள்ஸ் டிக்கன்ஸின் 'கிறிஸ்மஸ் கரோல்' வெளிவந்தது. முதற்பதிப்பின் 6,000 பிரதிகளும் நத்தாருக்கு முன்னரே விற்றுத் தீர்ந்தன.

ஏழைச் சிறுவர் படும் துன்பம்பற்றித் துண்டுப்பிரசுரம் ஒன்று எழுத எண்ணியிருந்த டிக்கன்ஸ், கதையே மனங்களை அசைக்கும் எனத் தீர்மானித்தார். ஆனால் நூலின் விலை 5 சிலிங். கதையில் வரும் எழுதுவினைஞர் பொப் கிரச்சிற்றின் வாரச் சம்பளமோ 15 சிலிங். தம்மைப்போன்றோரின் கதையை வாங்குவதற்கு அவர் சம்பளத்தில் மூன்றிலொரு பங்கைக் கொடுக்க வேண்டும்!

இந்த இடைவெளியைக் குரல் குறைத்தது. வீட்டில் ஒரு பிரதி இருந்தால் போதும். ஒருவர் வாசிக்க, எழுத்தறியாதவரும் கேட்கலாம். 1853 டிசெம்பரில் பேர்மிங்ஹாம் நகர மண்டபத்தில் டிக்கன்ஸே இதனை வாசித்தார். தொழிலாளருக்கென ஓர் இரவை ஒதுக்கி, குறைந்த கட்டணத்தில் அவர்களை அனுமதிக்கச் செய்தார். பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ற், நத்தாருக்கு முந்திய இரவில் தம் குடும்பத்தாருக்கு இதனை வாசிப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார்.

வாசிப்பு என்றதும் இன்று நாம் தனிமையையும் மௌனத்தையுமே நினைக்கிறோம். கண்பார்வை மங்கிய பாட்டிக்கும் எழுத்துக்கூட்டத் தொடங்கும் பேரப்பிள்ளைக்கும் அந்த மௌனத்தில் இடமில்லை. கல்லூரி நமக்கு எழுத்தறிவைத் தந்தது. இந்த விடுமுறையில் ஒரு கதையையேனும் உரத்து வாசித்து, அந்தச் செல்வத்தை நம் வீட்டாரோடு பகிர்ந்துகொள்வோம்.