குறை குணமான கதை: ஹெவி மெட்டல் ஆம்ப்ளிஃபயர்

வால்வு எனப்படும் வெற்றிடக் குழாய்களால் இயங்கிய தொடக்ககாலக் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களில், தாங்கும் அளவுக்கு மேல் ஒலிச்சைகை புகுந்தபோது அலையின் உச்சிகள் மழுங்கி, மூல ஒலியில் இல்லாத கரகரப்பு எழுந்தது. டிஸ்டார்ஷன் என்னும் இச்சிதைவை நீக்க வேண்டிய குறையாகவே பொறியாளர்கள் கருதினர். அக்குறையைத் திட்டமிட்டு வளர்த்தெடுத்ததே ஹெவி மெட்டல் இசைக்கான ஆம்ப்ளிஃபயரின் வரலாறு.

1962இல் லண்டனின் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷலும் அவருடைய உதவியாளர்களும் அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேனை முன்மாதிரியாகக் கொண்டு ஜேடிஎம்45 என்னும் ஆம்ப்ளிஃபயரை உருவாக்கினர். மின்சுற்று ஏறத்தாழ ஒன்றே எனினும், முதல் வால்வாகப் பெருக்கத்திறன் மிகுந்த இசிசி83ஐப் பொருத்தியதும், பாஸ்மேனின் திறந்த பெட்டியிலிருந்த 10 அங்குல ஸ்பீக்கர்கள் நான்குக்கு மாறாக 12 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கை மூடிய பெட்டியில் வைத்ததும் அதன் ஒலிக்குக் கடுமை சேர்த்தன. பர்மிங்காமைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் டோனி அயோமி, பிளாக் சப்பாத் என்னும் மெட்டல் குழுவின் 1970ஆம் ஆண்டு முதல் இசைத்தட்டில் அதே நகரத்து லேனி ஆம்ப்ளிஃபயரைக் கையாண்டார். அதனுள் நுழையும் சைகையை வலுவாக்க, உயர் ஒலிகளை மிகுவிக்கும் ரேஞ்ச்மாஸ்டர் என்ற சிறு கருவியை அவர் முன்னே இணைத்திருந்தார்.

இவ்வகைக் கருவிகளில் சிதைவின் பெரும்பகுதி இறுதியிலுள்ள பவர் வால்வுகளில் பிறந்தமையால், 100 வாட் ஆம்ப்ளிஃபயரையும் காது தாங்காத அளவுக்குத் திறக்க வேண்டியிருந்தது. கலிஃபோர்னியாவில் மெசா பூகி நிறுவனத்தை நிறுவிய ராண்டால் ஸ்மித், 1970களின் தொடக்கத்தில், முன்பகுதியிலேயே ஒரு பெருக்கநிலையின் வெளியீட்டை அடுத்த நிலைக்கு ஊட்டி, மொத்த ஓசையை மாஸ்டர் குமிழால் அடக்கும் முறையைக் கொணர்ந்தார். தாழ்ந்த ஓசையிலும் அடர்ந்த சிதைவு கிட்டியது. மெட்டலுக்கான ஆம்ப்ளிஃபயர் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை.

எனினும் பெருக்கநிலைகள் கூடக்கூட, மந்தர ஒலிகள் சிதைவில் குழம்பி, உள்ளங்கையின் ஓரத்தால் தந்திகளை அமுக்கி விரைந்து மீட்டும் மெட்டல் நடை தெளிவிழந்தது. 1986இல் மெட்டாலிக்கா வெளியிட்ட ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ இசைத்தட்டின் ஒலிப்பதிவில் பயன்பட்ட மெசா மார்க் டூசி பிளஸ் இதற்கான விடையைத் தன் அமைப்பிலேயே கொண்டிருந்தது: மந்தரத்தைக் கூட்டிக் குறைக்கும் அதன் பாஸ் குமிழ் சிதைவு நிகழும் நிலைகளுக்கு முன்னும், ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கிராஃபிக் ஈக்குவலைசர் அவற்றுக்குப் பின்னும் இருந்தமையால், மந்தரத்தை முதலில் குறைத்து, சிதைவு முடிந்த பின் வேண்டிய அளவு மீட்டுக்கொள்ள முடிந்தது. மெட்டலுக்கான ஆம்ப்ளிஃபயரைத் தெரிவுசெய்வோர் வாட் எண்ணைக் காட்டிலும் கவனிக்க வேண்டியது, மந்தரம் எங்கே குறைக்கப்பட்டு எங்கே மீட்கப்படுகிறது என்பதையே.

1987இல் மைக் சோல்டானோவின் எஸ்எல்ஓ-100 ஆம்ப்ளிஃபயர், ஸ்மித் கொணர்ந்த அடுக்குப் பெருக்கத்தை மேலும் வலுப்படுத்தியது. ஹார்ட் ராக் கலைஞரான எடி வான் ஹேலனுக்காகப் பீவி நிறுவனம் 1992இல் வெளியிட்ட 5150ஐ மெட்டல் குழுக்கள் தமதாக்கிக்கொண்டன. அவர் 2004இல் அந்நிறுவனத்தை விட்டு விலகிய பின், அந்த ஆம்ப்ளிஃபயர் 6505 என்னும் பெயரில் தொடர்ந்து விற்பனையானது.