ராமன் விளைவின் நிழலுக்கு அப்பால் கே. எஸ். கிருஷ்ணன்

ராமன் விளைவு என்றதும் சேர் சி. வி. ராமனின் பெயரே நினைவுக்கு வரும். அக்கண்டுபிடிப்பில் அவருக்குத் துணைநின்றவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் என்பதைச் சிலர் அறிவர். ஆனால், கிருஷ்ணன் தமக்கெனத் தேர்ந்துகொண்ட துறை காந்தவியல் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

1898 டிசம்பர் 4ஆம் திகதி தமிழகத்தின் வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணன், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் செய்முறை விளக்குநராகப் பணியைத் தொடங்கினார். மதிய இடைவேளைகளில் அவர் நடத்திய அறிவியல் உரையாடல்களைக் கேட்க வேறு கல்லூரி மாணவர்களும் வந்தனர். 1923இல் கல்கத்தாவில் ராமனுடன் இணைந்தார்.

1928இல் புதிய கண்டுபிடிப்பைப் பற்றி 'நேச்சர்' சஞ்சிகைக்கு எழுதப்பட்ட குறிப்பில் இருவரது பெயர்களும் இருந்தன. 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசோ ராமனுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1928 டிசம்பரில், கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடராகப் பொறுப்பேற்றிருந்தார். படிகங்களின் காந்தப் பண்புகளை அவர் ஆராயத் தொடங்கியது அங்கேதான்.

1933இல் அவர் கல்கத்தா திரும்பிய பின்னரும் வளர்ந்த அந்த ஆய்வின் முறை எளிமையானது. சிறு படிகமொன்று மெல்லிய குவார்ட்ஸ் இழையில் காந்தப் புலத்தினுள் தொங்கவிடப்படும். அது தனக்கு உகந்த திசையில் நிற்கும். இழையின் மேல்முனையை மெல்ல முறுக்கிக்கொண்டே போனால், படிகம் அத்திசையிலிருந்து 45 பாகை விலகியதும் சட்டெனச் சுழன்றுவிடும். அதுவரை கொடுத்த முறுக்கிலிருந்து, படிகத்தின் காந்தப் பண்பு திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகிறது எனக் கணக்கிடலாம். நஃப்தலீன் போன்ற சேர்வைகளின் தட்டையான மூலக்கூறுகள் படிகத்தினுள் எவ்வாறு சாய்ந்திருக்கின்றன என்பதை அறிய இது வழிகாட்டியது. 1936இல் எக்ஸ் கதிர் ஆய்வாளர் கத்லீன் லொன்ஸ்டேலுடன் சேர்ந்து இப்பொருள் குறித்து ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்.

1940இல் இலண்டன் ரோயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக்கியது. 1942இல் அலகாபாத்தில் பேராசிரியரானார். 1947இல் டில்லியின் தேசிய பௌதிகவியல் ஆய்வுகூடத்தின் முதலாவது பணிப்பாளரானார். 1961 ஜூனில் மறைந்தார்.

பத்திரிகைக்காரர்களாகிய எமக்குப் பரிசு செய்தியாகிறது. அதன் பின்னர், பரிசு பெற்றவரின் பெயரே வரலாறாகவும் நிலைத்துவிடுகிறது. அந்த ஒரு பரிசை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் கிருஷ்ணன் மற்றொருவரின் உதவியாளராகவே எஞ்சுவார். டாக்காவில் ஓர் இழையில் தொங்கிய படிகம் அவரைத் தனித்த ஆய்வாளராக இனங்காட்டுகின்றது.