1958ஆம் ஆண்டும் எதிர்வீரசிங்கமும்

யாழ்ப்பாண வரலாற்றை எழுதப் புகுந்தோர் மன்னரையும் மதத்தையும் நிலத்தையும் நூலையும் பற்றி விரிவாக எழுதினர். யாழ்ப்பாண வைபவமாலை தந்த மயில்வாகனப் புலவர் முதல் முதலியார் இராசநாயகம் வரை அந்நெறி மாறாது வந்துள்ளது. பிற்காலத்தார் கல்வி, சமயம், அரசியல் ஆகிய துறைகளைச் சேர்த்துக்கொண்டனராயினும், மைதானத்தை வரலாற்றுக்குரிய இடமாக எவரும் பெரிதும் கருதவில்லை. விளையாட்டு என்பது பாடசாலை மலர்களில் படத்தோடு முடிந்துபோகும் செய்தியாகவே நின்றுவிட்டது. இந்த அலட்சியத்தினால் இழக்கப்பட்டது சிறிதன்று. இலங்கைக்கு ஆசிய விளையாட்டு விழாவில் முதன்முதலாகத் தங்கப்பதக்கம் ஈட்டியவர் யாழ்ப்பாணத்தவர் என்பதும், அப்பதக்கம் எந்த ஆண்டில், எந்த வாரத்தில் ஈட்டப்பட்டது என்பதும் ஒருங்கு வைத்து நோக்கப்படாமலே போயின.

நவீன விளையாட்டுகள் குடாநாட்டுக்கு மிஷனரிமாரின் பாடசாலைகள் வழியாகவே வந்துசேர்ந்தன. யாழ்ப்பாணக் கோட்டைக்கும் முற்றவெளிக்கும் அணித்தாக வெஸ்லியன் மிஷனரிமார் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடக்கிய மத்திய கல்லூரி இவ்வகையில் தலையாயது. அக்கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904ஆம் ஆண்டு தொடங்கிய துடுப்பாட்டப் போட்டி, வடக்கின் பெரும் போர் என்ற பெயரோடு நூற்றாண்டைக் கடந்துள்ளது. ஆயினும் துடுப்பாட்டம் பட்டினத்துக் கல்லூரிகளின் சொத்தாகவே நெடுங்காலம் இருந்தது. மட்டையும் பந்தும் காலுறையும் வாங்கும் வசதி கிராமத்துப் பாடசாலைகளுக்கு இருக்கவில்லை. கிராமம் தனக்கெனக் கைக்கொண்ட ஆட்டம் கரப்பந்தாட்டமே. 1916இல் கொழும்பு வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் வழியாக இலங்கைக்கு வந்த இவ்வாட்டம், ஒரு வலையும் ஒரு பந்தும் இரண்டு மரங்களும் இருந்தாற் போதும் என்ற எளிமையினால் ஊர் ஊராகப் பரவிற்று. உயரம் பாய்தலும் இதே எளிமையை உடையது. நாட்டிய இரு கம்பங்கள், குறுக்கே ஒரு தடி, விழுவதற்கு மணல். குடாநாட்டில் மணலுக்கு என்றும் பஞ்சமிருந்ததில்லை.

நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1934ஆம் ஆண்டு ஓகஸ்ற் 24ஆம் திகதி பிறந்தவர். வலிகாமத்தின் வடபாகத்திலுள்ள பெரியவிளான் அவரது ஊர். கற்றது யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவில் இலங்கையின் பிரதிநிதியாக அவர் உயரம் பாய்ந்தபோது 18 வயது நிறைந்திருக்கவில்லை. குடாநாட்டுப் பிள்ளை ஒருவன் கொழும்புக்குச் செல்வதே செய்தியாகக் கருதப்பட்ட காலம் அது. நாலு ஆண்டுகளுக்கு முன், 1948இல், இலண்டனில் டங்கன் வைற் 400 மீற்றர் தடை தாண்டலில் வெள்ளிப்பதக்கம் பெற்றிருந்தார். சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே கிடைத்த அப்பதக்கம் சிறு தீவொன்றும் உலக அரங்கில் நிற்கலாம் என்னும் நம்பிக்கையை இளைஞரிடையே ஊன்றியிருந்தது.

உயரம் பாய்தலின் அக்கால நிலையை அறியாதார் எதிர்வீரசிங்கத்தின் சாதனையை அளந்தறிதல் அரிது. இன்று பாய்பவர் முதுகைக் கீழாக வைத்துத் தடியைக் கடந்து, தடித்த மெத்தையில் வீழ்கிறார். அம்முறையை அமெரிக்கரான டிக் பொஸ்பரி 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் வென்று நிலைநாட்டிய பின்னரே உலகம் ஏற்றுக்கொண்டது. அதற்கு முற்பட்டோர் மணலிலோ மரத்தூளிலோ விழவேண்டியிருந்தமையால், எவ்வாறு பாய்வது என்பதோடு எவ்வாறு காயமின்றி விழுவது என்பதையும் கற்கவேண்டியிருந்தது. ஹெல்சிங்கியில் வென்ற உயரம் 2.04 மீற்றர். ஏழடி என்னும் எல்லையை 1956 ஜூன் மாதத்தில் சார்ள்ஸ் டூமாஸ் என்னும் அமெரிக்கரே முதன்முதல் கடந்தார். மறு ஆண்டில் ரஷ்யரான யூரி ஸ்ரெப்பனொவ் 2.16 மீற்றர் பாய்ந்தார். அவர் அணிந்திருந்த தடித்த அடியுடைய சப்பாத்தைப் பற்றிப் பெரும் வாதம் எழுந்து, அடியின் தடிப்புக்கே சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம் வரையறை விதித்தது. வல்லரசுகள் பயிற்சியாளரையும் பயிற்சிக் கூடங்களையும் கொண்டு சென்ரிமீற்றர் சென்ரிமீற்றராக உயர்ந்துகொண்டிருந்த துறை இது.

1956ஆம் ஆண்டு ஜூனில் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறிற்று. அதே ஆண்டின் இறுதியில் மெல்போணில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவுக்கு எதிர்வீரசிங்கம் மீண்டும் இலங்கையின் சார்பிற் சென்றார். 1957 ஜூலையில் கைச்சாத்திடப்பட்ட பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் 1958 ஏப்பிரலிற் கிழித்தெறியப்பட்டது. மே மாதம் 22ஆம் திகதியளவில் பொலன்னறுவைப் பகுதியில் தொடங்கிய வன்செயல் சில நாள்களுள் கொழும்பையும் அதன் அயல்களையும் பற்றிக்கொண்டது. 27ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. கொழும்பில் அகதிகளான தமிழர் கப்பலேற்றப்பட்டு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டனர். யாழ்ப்பாணத்திலும் எதிர்விளைவாகப் பௌத்த வழிபாட்டிடங்கள் சேதமுற்றன என்பதும் மறைத்தற்குரியதன்று.

ரோக்கியோவில் மூன்றாவது ஆசிய விளையாட்டு விழா நடைபெற்ற காலம் 1958 மே 24 முதல் ஜூன் 1 வரை. கரப்பந்தாட்டம் ஆசிய விழாவில் முதன்முதல் இடம்பெற்றதும் அவ்விழாவிலேயே. அங்கேதான் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, ஆசிய விழாவின் புதிய சாதனையோடு தங்கப்பதக்கம் பெற்றார். தீவில் தமிழர் வீடுகள் எரிந்துகொண்டிருந்த நாள்களில், அத்தீவின் சிங்கக்கொடி ஒரு தமிழ் இளைஞனின் பாய்ச்சலால் ரோக்கியோ அரங்கில் மற்றைய நாட்டுக் கொடிகளுக்கு மேலாக உயர்ந்தது. இலங்கையிற் செய்தித் தணிக்கை நடைமுறையில் இருந்தது. வன்செயலின் உண்மை விபரங்களைப் பத்திரிகைகள் எழுத முடியாத நிலையே பின்னர் தார்சி வித்தாச்சியின் 'எமர்ஜென்சி 58' என்னும் நூல் தோன்றக் காரணமாயிற்று. பதக்கச் செய்திக்கோ அத்தகைய தடை விதிக்க எவருக்கும் காரணம் இருந்திருக்காது. ஒரே தீவைப் பற்றிய இரு செய்திகளுள் ஒன்று அச்சேறலாம், மற்றையது ஏறலாகாது என்ற நிலையை அந்த வாரம் கண்டது.

இந்நிகழ்ச்சியை இருவகையாக விளக்குவோர் உளர். இன ஒற்றுமையின் சின்னமாக இப்பதக்கத்தைக் காட்டுவது ஒரு சாரார் வழக்கு. பதக்கம் தரும்போது இலங்கையர், ஏனைய வேளைகளில் அந்நியர் என்ற கசப்பின் சான்றாகக் கொள்வது மறுசாரார் வழக்கு. இரண்டாவது விளக்கத்துக்கே சான்றுகள் கூடுதலாக உள்ளன. ஒற்றுமையின் சின்னமாயின், அவ்வெற்றியைப் பெற்ற நாடு அதனால் ஏதேனும் ஒருவகையில் மாறியிருத்தல் வேண்டும். 1958க்குப் பின் நிகழ்ந்தவை அவ்வாறு காட்டவில்லை. எனினும் கசப்பை மட்டும் கொண்டு அம்மனிதரை விளக்கிவிடவும் இயலாது. 1962இல் ஜகார்த்தாவில் நடந்த நான்காவது விழாவுக்கும் அவர் இலங்கைக்காகவே சென்றார். அம்முறை தங்கம் ஜப்பானிய வீரருக்குச் சென்றது, எதிர்வீரசிங்கத்துக்கு வெள்ளி. இஸ்ரேலுக்கும் தாய்வானுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்தமையால் அவ்விழாவே சர்ச்சைக்குள்ளானது. விளையாட்டில் அரசியல் கலக்கலாகாது என்று மேடையிற் பேசுவோர் இவ்விரு விழாக்களின் வரலாற்றையும் ஒருமுறை படித்துப் பார்ப்பது நன்று.

ஓட்டப்பாதையோடு நின்றுவிடாத வாழ்வு அவருடையது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் இளமாணிப் பட்டமும், கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் முதுமாணி, கலாநிதிப் பட்டங்களும் பெற்றார். உடல்வலியும் நூற்கல்வியும் ஒருவரிடத்தே சேரா என்று பிள்ளைகளை மைதானத்திலிருந்து வீட்டுக்கு அழைத்துச் செல்லும் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இதைக் காட்டிலும் சிறந்த மறுமொழி கிடைத்தல் அரிது. கல்வித்துறையிற் பல ஆண்டுகள் பணிசெய்த அவர், போர் தின்ற பிரதேசங்களின் கல்வி, விளையாட்டு ஆகியவற்றின் வளர்ச்சியிலும் பிற்காலத்தில் ஈடுபாடு காட்டினார்.

அந்த மைதானங்களுக்கு நேர்ந்ததும் வரலாறே. முற்றவெளியை அடுத்த துரையப்பா விளையாட்டரங்கில் 1999இல் புனரமைப்பு வேலைகளின்போது நிலத்தினடியில் மனித எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டன. இந்திய அரசின் உதவியோடு புதுப்பிக்கப்பெற்ற அவ்வரங்கு 2016 ஜூனில் மீளத் திறக்கப்பட்டது. அப்பத்தாண்டிலேயே தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் பயின்ற அனித்தா ஜெகதீஸ்வரன் பெண்களுக்கான கோலூன்றிப் பாய்தலில் இலங்கையின் தேசிய சாதனையைப் பன்முறை புதுப்பித்தார். எதிர்வீரசிங்கம் அவற்றையும் காணும் வயது வாழ்ந்தார். 2024 ஏப்பிரல் 18ஆம் திகதி, லொஸ் ஏஞ்சலிஸ் நகரில், 89ஆவது வயதில் அவர் காலமானார்.