மிஷின் ரம்பம் வந்த கதை

2018 நவம்பர் 16, விடிகாலை. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி டெல்டாவைப் படுக்க வைத்துவிட்டுப் போனது. தென்னை மட்டுமே லட்சக்கணக்கில் சாய்ந்தது. விடிஞ்சு பார்த்தா வீட்டிலிருந்து ரோட்டுக்குப் போக வழியில்லை. அதுவரை எங்க ஊரில் மரம் அறுக்கிற மிஷின் ரெண்டோ மூணோதான். அந்த மாசத்திலேயே தெருவுக்கு ஒன்று வந்துவிட்டது. மிஷின் வந்துச்சு, அதை எப்படிப் பிடிக்கணும்னு சொல்லித்தர ஆள் வரலை.

எங்க கொல்லையில் பெரிய மாமரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. வாடகை மிஷினோடு வந்த தம்பி லுங்கியும் ரப்பர் செருப்புமாக நின்று அறுத்தான். தலைப்பாரம் துண்டாகி விழுந்ததும், அடிமரம் வேரோடு நிமிர்ந்து குழிக்குள் டொம்மென்று உட்கார்ந்தது. ஒரு நிமிஷம் முன்னாடி அந்தக் குழியில் இறங்கித் தேங்காய் பொறுக்கிக்கிட்டு இருந்தான் என் பையன். அன்னைக்கு ராத்திரி நான் தூங்கலை. இந்த மிஷின் எங்கிருந்து வந்ததுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான்.

சங்கிலியில் பல் வைத்து அறுக்கும் யோசனை முதலில் மரத்துக்கானதே இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரண்டு மருத்துவர்கள் எலும்பு அறுக்க வைத்திருந்த சின்னக் கைக்கருவி அது. மரம் அறுக்க ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926ல் கரண்ட்டில் ஓடும் ரம்பம் செய்தார். கனம் அதிகம், தூக்க இரண்டு பேர் வேண்டும். 1929ல் பெட்ரோல் ரம்பம் வந்தது. தனி ஆள் பிடிக்கிற மாதிரி அவர் கம்பெனி செய்தது 1950ல்தான்.

எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துக் கதை. ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி 1946ல் ஒரு அடிக்கட்டையில் வண்டுப் புழு மரத்தைத் தின்பதைப் பார்த்தார். நார் எந்தப் பக்கம் ஓடினாலும் அது இடதும் வலதுமாகக் கொறித்து முன்னேறியது. அதைப் பார்த்துத்தான் இடம் வலமாக மாறி மாறி வரும் பல் வைத்த சங்கிலியைச் செய்தார். இன்றைய சங்கிலிகள் பெரும்பாலும் அந்த வம்சம்தான். நம்ம தென்னையைத் துளைக்கிற காண்டாமிருக வண்டைப் பார்த்து நமக்கு எரிச்சல்தான் வந்திருக்கு!

ஆனால் வேகம் வந்த பிறகும் ஆபத்து அப்படியே இருந்தது. சுழலும் சங்கிலியின் முனையில், மேல்பாதி மரத்தைத் தொட்டால் போதும், ரம்பம் எகிறி முகத்துக்கு வரும். அதை நிறுத்தும் செயின் பிரேக் 1970களில்தான் பரவியது. கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் அந்தத் தட்டில் மணிக்கட்டு மோதினால் சங்கிலி கண்ணிமைக்கும் நேரத்தில் நின்றுவிடும். அதற்கு முன்னால் எத்தனை முகமும் கழுத்தும் கிழிபட்டிருக்கும்! அப்படி வந்த தட்டைத்தான் எங்க ஊர்ல 'இடைஞ்சலா இருக்கு'ன்னு கழட்டிப் போட்டுட்டு அறுக்கிறாங்க.

என் சின்ன வயசில் அறுப்புக்காரர்கள் வருவார்கள். குழி வெட்டி மேலே ஒருத்தர், கீழே ஒருத்தர் நின்று ரம்பம் இழுப்பார்கள். மரம் சாய்க்க ஒரு நாள் ஆகும், அதில் பாதி நாள் சும்மா அண்ணாந்து பார்ப்பதிலேயே போகும். எந்தப் பக்கம் பாரம், எங்கே காய்ந்த கிளை, விழும்போது நாம எங்கே ஒதுங்குவது என்று. விழ வேண்டிய பக்கம் கோடாரியால் கால்வாசி ஆழத்துக்கு வாய் வெட்டுவார்கள். பிறகு பின்பக்கத்திலிருந்து, வாய்க்குச் சற்று மேலே, ரம்பம். முழுசும் அறுக்க மாட்டார்கள். நடுவில் ஒரு பட்டையை விடுவார்கள். மரத்தின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு. கதவுக்குக் கீல் மாதிரி அதுதான் மரத்தைச் சொன்ன திசையில் படுக்க வைக்கும். மிஷினுக்கும் இதே கணக்குதான், மாறவே இல்லை. மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் நிற்கக்கூடாது.

சாய்ந்து கிடக்கும் மரம் இன்னும் மோசம். ஒரு பக்கம் இழுபட்டு, மறுபக்கம் நசுங்கி, வில் மாதிரி விறைத்திருக்கும். நசுங்கிய பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு, பிறகு இழுபட்ட பக்கத்தை மெதுவாக அறுக்கணும். வேரோடு கிடந்தால் குழிப்பக்கம் ஆளே இருக்கக்கூடாது. அந்தத் தம்பிக்கு இதை யாரும் சொல்லலை, எனக்கும் அப்போ தெரியாது.

அந்த அடிமரத்தை நான் எடுக்கலை. அடுத்த சித்திரையில் துளிர்த்தது. பையன் இப்போ அதில் ஏறி உட்கார்ந்து போன் பார்க்கிறான்.